பட்டறைக்கு எந்த வரைவு மென்பொருள்: இலவசமா, காசு கொடுத்து வாங்குவதா?

வட சென்னையில், வியாசர்பாடியில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போனால் லேத் பட்டறை, தகடு வளைக்கும் கடை, லேசர் கட்டிங், கிரில் கதவு செய்யும் வெல்டிங் பட்டறை, காசிமேட்டு விசைப்படகுகளுக்கு எஞ்சின் பாகம் செய்து தரும் சிறு நிறுவனம் என்று பலவும் அடுத்தடுத்து இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றில் இன்று ஒரு கணினியும் அதில் ஏதோ ஒரு வரைவு மென்பொருளும் உண்டு. இத்தகைய பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுத் தருவதுதான் என் தொழில். காசு கொடுத்து, ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளை வாங்கியே ஆக வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பதை வைத்துத் தொழில் நடத்த முடியாதா என்று புதிதாகப் பட்டறை வைக்கிறவர்களும் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கிறார்கள். நான் கையாண்ட மென்பொருள்களை வைத்தே இதற்கு விடை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். உங்களிடம் வருகிற கோப்பு எந்த வடிவத்தில் வருகிறது, உங்களிடமிருந்து போகிற கோப்பை அடுத்து யார் திறக்கப் போகிறார், அந்த மென்பொருளின் உரிம ஒப்பந்தம் அதை வைத்துப் பணம் சம்பாதிக்க உங்களை அனுமதிக்கிறதா ஆகியவையே அந்த மூன்று. இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால், எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

மூன்றாவதைத்தான் நம் பக்கத்தில் யாரும் பார்ப்பதில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இலவசம் என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒரே வகை இலவசம் அல்ல. ஃப்ரீகேட், லிப்ரேகேட் ஆகிய இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். வீட்டில் பொழுதுபோக்குக்காக வரைந்தாலும் சரி, கோடி ரூபாய் ஆர்டருக்கு வரைந்தாலும் சரி, யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வரைந்தது முழுக்க உங்களுடையது. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃபியூஷன் மென்பொருளுக்கும் ஓர் இலவச உரிமம் உண்டு. ஆனால் அது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. வணிகம் சாராத வேலையாக இருக்க வேண்டும், அப்படிச் செய்யும் வேலையில் ஆண்டு வருமானம் ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டக் கூடாது என்று அதன் நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. மாதம் முழுவதும் ஜாப் ஒர்க் செய்து பில் போடுகிற பட்டறை அதைப் பயன்படுத்த ஒப்பந்தம் இடம் தரவில்லை. இதை ஒரு நுணுக்கமான சட்டப் பேச்சாக எண்ணிப் பலர் தள்ளிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தை மீறிச் செய்த வரைபடத்தைப் பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் மென்பொருள் உரிமத்தின் நகலைக் கேட்கும் நாளில் விழிப்பதற்கு அதுவே காரணமாகிறது.

ஆன்ஷேப் என்ற மென்பொருள் உலாவியிலேயே இயங்குகிறது. கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் பார்ப்பதற்கு மிக வசதியாகத் தெரியும். அதன் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைகிற கோப்புகள் எல்லாம் பொதுவில் வைக்கப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துப் பார்க்கலாம். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த பாகத்தின் அளவுகளை ஊர் அறிய வைப்பதற்கு ஒப்பான செயல் அது. படிக்கிற பிள்ளைகள் பழகுவதற்கு ஆன்ஷேப்பைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன், பட்டறைக்கு மாட்டேன்.

நிபந்தனையோடு வரும் இலவசத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். டசால்ட் நிறுவனத்தின் டிராஃப்ட்சைட் பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்தது. ஆட்டோகேட் போலவே கட்டளைகள், ஆட்டோகேட் கோப்புகளை நேரடியாகத் திறக்கும் வசதி என்று அது சிறு பட்டறைகளுக்குப் பெரிய வரமாக இருந்தது. 2019-இல் அந்த இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள். புதிதாகக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஏற்கெனவே நிறுவி வைத்திருந்ததும் அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குப் பிறகு இயங்கவில்லை. ஃபியூஷனின் இலவச உரிமத்திலும் 2020 அக்டோபரில் பல வசதிகளைக் குறைத்தார்கள். திருத்தக்கூடிய நிலையில் வைத்துக்கொள்ளும் கோப்புகள் பத்துக்கு மேல் கூடாது என்றும், கணினி நிரல்படி வெட்டும் சிஎன்சி மெஷினுக்கான புரோகிராமில் வேகமாக நகரும் நகர்வு கிடைக்காது, எல்லாமே வெட்டும் வேகத்திலேயே நகரும் என்றும் விதித்தார்கள். முப்பரிமாண வடிவத்தை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக உதவும் ஸ்டெப் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியையும் நீக்குவதாக இருந்து, பயனாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் அதை மட்டும் விட்டுவைத்தார்கள். இந்த நிறுவனங்களுக்கு அதற்கான உரிமை முழுக்க இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து ஆண்டு வரைபடங்களை அடுக்கி வைத்திருக்கிற ஒரு பட்டறை, இப்படி மாறக்கூடிய ஒரு விதியின் மேல் தன் தொழிலை நிறுத்தக் கூடாது.

இனி மென்பொருள்களுக்கு வருகிறேன். தட்டையான வரைபடம், அதாவது இரு பரிமாண வேலை மட்டும் செய்கிறவர்களுக்கு லிப்ரேகேட் எளிய நல்ல கருவி. கியூகேட் என்ற மென்பொருளின் சமூகப் பதிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்தது அது. பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். ஒரு ஃபிளேஞ்ச், அதைச் சுற்றி ஆறு போல்ட் துளைகள், ஒரு கேஸ்கெட், ஒரு பேஸ் பிளேட் போன்றவற்றுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வரைவு மென்பொருள்களுக்கு இடையே வரைபடத்தைப் பரிமாறிக்கொள்ள உதவும் டிஎக்ஸ்எஃப் வடிவத்தில் கோப்பைச் சேமிக்கிறது. அதில் ஆட்டோகேட்டின் 2007 பதிப்பிலிருந்து மிகப் பழைய ஆர்12 பதிப்பு வரை பல பதிப்புகளின் வடிவங்களையும் தேர்ந்துகொள்ளலாம்.

அந்த ஆர்12 என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லேசர் கட்டிங் கடைகளில் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள். “அண்ணா, ஸ்பிளைன் எல்லாம் வேணாம், மெஷின் திணறுது, ஆர்க்கா மாத்தி ஆர்12-ல குடுங்க” என்று ஆபரேட்டர் தம்பி சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. ஆர்12 வடிவத்தில் ஸ்பிளைன் எனப்படும் நெளிகோடு, நீள்வட்டம் ஆகியவற்றுக்கு இடமே கிடையாது. அவற்றை அந்த வடிவத்தில் சேமித்தால் வளைவு முழுவதும் மிகச் சிறிய நேர்க்கோட்டுத் துண்டுகளாக உடைந்துவிடும். லேசர் தலை ஒவ்வொரு துண்டின் முடிவிலும் வேகம் குறைந்து மீண்டும் வேகமெடுக்கிறது. தகட்டின் விளிம்பில் பற்கள் போலத் தடம் விழுகிறது, அடியில் பிசிறு தங்குகிறது. அதே வளைவை ஆர்க் எனப்படும் வட்ட வில்கள் இரண்டு அல்லது மூன்றாக வரைந்தால் ஆர்12-இலும் அவை வில்களாகவே போகும், விளிம்பும் வழவழப்பாக வரும். எந்த மென்பொருளில் வரைந்தாலும் இது பொருந்தும். லட்ச ரூபாய் மென்பொருளும் இதைத் தானாகச் சரிசெய்து கொடுக்காது. அளவு அலகும் அப்படித்தான். கோப்பின் தலைப்பகுதியில் அலகு மில்லிமீட்டர் என்று குறிக்கப்படாவிட்டால், எதிர்முனையில் இருக்கும் மென்பொருள் அதை அங்குலமாக எடுத்துக்கொள்ளவும் கூடும். எனவே ஒரு தெரிந்த அளவை எழுத்திலும் சேர்த்து அனுப்புவதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

லிப்ரேகேட்டின் குறைகளில் இரண்டு முக்கியமானவை. ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி கோப்புகளை அது ஓரளவுக்கே படிக்கும். அந்த வடிவத்தில் திருப்பி எழுதவே எழுதாது. வாடிக்கையாளர் டிடபிள்யூஜி அனுப்பி, திருத்தி டிடபிள்யூஜி ஆகவே திருப்பித் தரச் சொன்னால் லிப்ரேகேட் உதவாது. இரண்டாவது, அது தனக்கென்று உள்ள கோட்டெழுத்துகளை மட்டுமே பயன்படுத்துகிறது. கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. வெல்டருக்கான குறிப்பை வரைபடத்திலேயே தமிழில் எழுதித் தர விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய குறை. “இந்தப் பக்கம் முழு வெல்டிங், அந்தப் பக்கம் டேக் மட்டும்” என்று தமிழில் எழுதியிருந்தால் பட்டறையில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

ஃப்ரீகேட் வேறு வகை. அது முப்பரிமாண மென்பொருள். அளவை மாற்றினால் பாகம் முழுவதும் தானாக மாறிக்கொள்ளும் வகையில் வரைவது. 2000-களின் தொடக்கத்திலிருந்து வளர்ந்து வந்தாலும், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன்பு அதைப் பட்டறைக்குப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் இருந்தது. காரணம், ஃப்ரீகேட் ஒரு பாகத்தின் ஒவ்வொரு முகத்துக்கும் ஃபேஸ்1, ஃபேஸ்2 என்று எண் வைக்கிறது. ஆறாம் முகத்தின் மேல் ஒரு துளை போட்டுவிட்டு, பிறகு அடிப்படை வடிவத்தில் ஒரு மூலையை வெட்டினால் முகங்களின் எண்கள் இடம் மாறிவிடும். ஆறாம் எண் வேறொரு முகத்துக்குப் போய்விட, மேலே இருந்த துளை பக்கவாட்டுக்குத் தாவிவிடும், அல்லது பாகமே உடைந்து சிவப்புக் குறி காட்டும். வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் அளவு மாற்றச் சொல்வது அன்றாட நிகழ்ச்சியாக இருக்கும் தொழிலில் இது சிறிய தொல்லை அல்ல. 1.0 பதிப்பில் இந்தச் சிக்கலைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். பாகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் அசெம்பிளி வசதியையும் உள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். இன்றைய நிலையில் ஒரு சிறு பட்டறைக்கு முப்பரிமாண வேலை வேண்டுமென்றால் முதலில் ஃப்ரீகேட்டைப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

அதன் பலம் எனக்கு முழுமையாகத் தெரிந்தது தகட்டு வேலையில்தான். ஷீட் மெட்டல் என்ற இணைப்பைக் கூடுதலாக நிறுவிக்கொள்ள வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. ஓர் எல் வடிவப் பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 2 மிமீ தகடு, வெளிப்பக்க அளவு ஒரு கை 50 மிமீ, மறு கை 40 மிமீ, வளைவின் உள் ஆரம் 2 மிமீ, 90 பாகை வளைவு. வளைப்பதற்கு முன் தகட்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்ட வேண்டும்? இரு கைகளிலும் வளைவுக்கு முன்னால் நேராக நிற்கும் பகுதி 46-உம் 36-உம் ஆக 82 மிமீ. வளைவுப் பகுதி எவ்வளவு நீளம் எடுக்கும் என்பதைக் கே ஃபேக்டர் என்ற எண் தீர்மானிக்கிறது; வளைக்கும்போது நீளம் மாறாத அடுக்கு, தகட்டின் உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளியிருக்கிறது என்பதே அது. அதை 0.44 என்று கொண்டால் வளைவுக்கு 4.52 மிமீ, மொத்தம் 86.52 மிமீ. 0.33 என்று கொண்டால் 86.18; 0.5 என்று கொண்டால் 86.71. ஒரு வளைவில் அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நான்கு வளைவுள்ள மின்பெட்டியில் அது 2 மிமீக்கு மேல் போய்விடும், மூடி உட்காராது. நீங்கள் வேலை கொடுக்கும் பிரஸ் பிரேக் என்ற தகடு வளைக்கும் மெஷினில், அந்த டையில் (அச்சில்), அந்தத் தகட்டை ஒருமுறை வளைத்து அளந்து பார்த்து, உங்களுக்கான கே ஃபேக்டரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீகேட்டில் அந்த எண்ணைக் கொடுத்தால் விரித்த வடிவத்தைத் தானே வரைந்து தருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த இணைப்பு, கே ஃபேக்டரை ஆன்சி என்ற அமெரிக்கத் தர முறையில் கொடுக்கிறீர்களா, டின் என்ற ஜெர்மானியத் தர முறையில் கொடுக்கிறீர்களா என்று கேட்கும். ஒன்றில் 0.44 என்பது மற்றதில் 0.88. முறையைத் தவறாகத் தேர்ந்தால் எண் சரியாக இருந்தும் தகடு குட்டையாகவோ நீளமாகவோ வெட்டப்படும். அடுத்து, விரித்த வடிவத்தோடு வளைவுக் கோடுகளும் சேர்ந்தே வரும். அவற்றைத் தனி அடுக்காகப் பிரிக்காமல் லேசருக்கு அனுப்பினால், மெஷின் வளைக்க வேண்டிய இடத்தில் வெட்டிவிடும். ஆபரேட்டரைக் கேட்டு, அவற்றை நீக்குவதா, மெல்லிய குறியாகப் பொறிப்பதா என்று முன்பே பேசிவிட வேண்டும்.

ஃப்ரீகேட்டின் வரைபடத் தாள் பகுதிக்கு டெக்டிரா என்று பெயர். நம் நாட்டில் கல்லூரிகளிலும் ஐடிஐகளிலும் சொல்லிக்கொடுக்கும் முதற்கோண முறையிலோ, அமெரிக்க நிறுவனங்கள் கேட்கும் மூன்றாம் கோண முறையிலோ காட்சிகளை அடுக்க அதில் வழி உண்டு. கணினியில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் அது எடுத்துக்கொள்கிறது. என்றாலும் அளவுக்கோடு போடுவது மெதுவான வேலை. ஆட்டோகேட்டில் பழகிய கை இங்கே பொறுமை இழக்கும். முனைகளை உருண்டையாக்கும் ஃபில்லெட் கட்டளை, சிக்கலான வடிவங்களில் அடிக்கடி தோற்றுப்போகிறது. ஃப்ரீகேட் ஓப்பன் காஸ்கேட் என்ற வடிவியல் கருவின், அதாவது வடிவங்களைக் கணக்கிடும் உள் நிரலின், மேல் நிற்கிறது. சாலிட்வொர்க்ஸ் போன்ற கட்டண மென்பொருள்கள் பயன்படுத்தும் பாராசாலிட் கருவோடு ஒப்பிட்டால் இந்த இடத்தில் அது பின்தங்கியே இருக்கிறது. வார்ப்பு, பிளாஸ்டிக் அச்சு, வளைந்து நெளியும் மேற்பரப்பு ஆகியவற்றில் வேலை செய்கிறவர்கள் ஃப்ரீகேட்டை நம்பி ஆர்டர் எடுக்க வேண்டாம். அவர்கள் காசு கொடுத்து வாங்குவதே சரி.

அப்படியானால் ஆட்டோகேட் எதற்கு? 1982 டிசம்பரில் வெளிவந்த மென்பொருள் அது. இத்தனை ஆண்டுகளில் டிடபிள்யூஜி என்ற அதன் கோப்பு வடிவமே கட்டடத் துறையிலும் தொழிற்சாலைகளிலும் பொது மொழியாகிவிட்டது. கட்டட வரைஞரின் அலுவலகத்திலிருந்து வரும் கோப்பைத் திறந்தால், அதில் மற்ற கோப்புகள் இணைப்பாகத் தொங்கும்; இழுத்தால் அளவு மாறும் பிளாக்குகள், அதாவது ஆயத்த வடிவங்கள், இருக்கும்; தாளின் விகிதத்துக்கு ஏற்பத் தானே பெரிதாகிச் சிறிதாகும் எழுத்துகள் இருக்கும்; கோட்டின் நிறத்துக்கு ஏற்பத் தடிமனை முடிவு செய்யும் அச்சுக் கோப்பும் கூடவே வரும். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் வழியாக இதை டிஎக்ஸ்எஃப் ஆக்கித் திறந்தால் கோடுகள் எல்லாம் வந்துவிடும். ஆனால் மேலே சொன்ன வசதிகளெல்லாம் கழன்றுவிடும். அதில் திருத்தம் செய்து திருப்பி அனுப்பினால், அந்த அலுவலகத்தில் இருப்பவர் பாதி நாள் உட்கார்ந்து மீண்டும் ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவது முறை அவர் உங்களுக்கு வேலை தர யோசிப்பார். கோப்பு இருபுறமும் போய்வரும் வேலையில் ஆட்டோகேட் வாங்குவது செலவு என்று நான் கருதவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை ஒரே கட்டளையில் நீக்கும் ஓவர்கில் என்ற வசதி ஒன்றே லேசர் வேலைக்குப் பெரிய உதவி. இரட்டைக் கோடு இருந்தால் மெஷின் அதே இடத்தை இரண்டு முறை வெட்டும்.

இரு பரிமாணம் மட்டும் போதுமென்றால் முழு ஆட்டோகேட் வேண்டாம்; ஆட்டோகேட் எல்டி போதும். 2024 பதிப்பிலிருந்து அதில், திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாக முடிக்க எழுதும் ஆட்டோலிஸ்ப் நிரல்களும் இயங்குகின்றன; முன்பு அதற்காகவே முழுப் பதிப்பு வாங்கியவர்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். 2016-லிருந்து ஆட்டோடெஸ்க் நிரந்தர உரிமம் விற்பதில்லை, சந்தா மட்டும்தான். ஆண்டுதோறும் கட்டினால்தான் மென்பொருள் திறக்கும். மந்தமான ஆண்டில் கட்ட முடியாமல் போனால், உங்கள் சொந்த வரைபடங்களைத் திருத்துவதற்கே வேறு வழி தேட வேண்டியிருக்கும். விலை விசாரிக்கும்போது ஐந்து ஆண்டுக்கான தொகையைக் கணக்கிட்டுக்கொண்டு பேசுங்கள். மேலே 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

வருகிற டிடபிள்யூஜியைப் பார்த்து, அளந்து, அச்சடித்தால் மட்டும் போதும் என்பவர்கள் ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனமே டிடபிள்யூஜி டிரூவியூ என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. புதிய பதிப்புக் கோப்பைப் பழைய பதிப்பாக மாற்றவும் அது உதவும். கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர்ப் பக்கம் பல லேத் பட்டறைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது இது மட்டுமே. அதற்காகவா ஆட்டோகேட்டுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள் என்று பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. நம் பக்கத்தில் அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. கியூகேட்டின் தொழில்முறைப் பதிப்பு சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒருமுறை வாங்கினால் வைத்துக்கொள்ளலாம். டிடபிள்யூஜி கோப்பைப் படிக்கவும் எழுதவும் செய்யும். ஆட்டோகேட் கட்டளைகளை அப்படியே எதிர்பார்க்கிறவர்களுக்கு, நிரந்தர உரிமத்தோடு விற்கும் இசட்டபிள்யூகேட் போன்றவை உண்டு. திரையும் கட்டளைகளும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் ஆட்டோகேட் படித்தவர் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம். வாரம் சில டிடபிள்யூஜி கோப்புகள் மட்டும் வந்துபோகும் பட்டறைக்கு நான் சொல்வது இந்த நடுவழியைத்தான்.

கிராக் போட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, ஆட்டோகேட்டைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது, ஏனென்றால் பலர் இலவசம் என்று நினைத்துப் பயன்படுத்துவது அதைத்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி இதற்கென்றே இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். லாப நோக்கமோ வணிகமோ இல்லாத பயன்பாடாக இருந்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்க இடமுண்டு. பட்டறைக்கு அந்த விலக்கு பொருந்தாது. தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். கிராக்கை நிறுவ வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கிறார்கள். அதே கணினியில்தான் ஜிஎஸ்டி கணக்கும் வங்கி வேலையும் நடக்கின்றன. ஃப்ரீகேட்டும் டிரூவியூவும் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் இந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்க எந்தத் தேவையும் இல்லை.

கணினியில் உட்காரப் போகிறவர் யார் என்பதும் செலவில் சேரும். ஐடிஐயில் இரண்டு ஆண்டு டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்து வருகிற பிள்ளைகளின் கை ஆட்டோகேட்டில் பழகியிருக்கும். அவர்களை ஃப்ரீகேட்டுக்குக் கொண்டுவர நேரம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. முதல் சில வாரம் எரிச்சலோடுதான் வேலை செய்வார்கள், திட்டக் கூடாது. மறுபுறம், ஃப்ரீகேட் பழைய கணினிகளில், இலவச இயங்குதளமான லினக்ஸிலும் நன்றாக இயங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், கணினியை மாற்ற வேண்டுமோ என்று கவலைப்படுகிற சிறு கடைகளுக்கு இது ஒரு கணிசமான மிச்சம்.

கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் பல இடங்களில் நீர் புகுந்து, மின்சாரமும் இணையமும் நின்றன. கோப்புகளை மேகக் கணினியில் மட்டும் வைத்திருந்தால் அப்படிப்பட்ட நாள்களில் திறக்க முடியாது. பட்டறைக் கணினியில் மட்டும் வைத்திருந்தால் தண்ணீர் ஏறும்போது எல்லாம் போய்விடும். இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். ஃப்ரீகேட்டின் கோப்பு உள்ளுக்குள் ஒரு சாதாரண ஜிப் கோப்புதான். அதைப் பிரித்தால் வடிவமும் அளவுகளும் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். மென்பொருளே இல்லாமல் போனாலும் அதிலிருந்து வடிவத்தை மீட்க வழி உண்டு. வேறு எதில் வரைந்தாலும், முடித்த ஒவ்வொரு பாகத்தையும் ஸ்டெப் கோப்பாகவும் பிடிஎஃப் ஆகவும் கூடுதலாக எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்டெப் என்பது ஐஎஸ்ஓ 10303 தரத்தின்படி அமைந்த பொது வடிவம். எந்த ஒரு நிறுவனத்தின் சந்தாவையும் நம்பி அது இல்லை.

புதிதாகத் தொடங்கும் தகட்டு வேலைப் பட்டறைக்கு ஃப்ரீகேட், கூடவே கியூகேட் தொழில்முறைப் பதிப்பு, டிரூவியூ ஆகிய மூன்றும் போதும் என்பது என் பரிந்துரை. லேத் வேலை மட்டும் என்றால் லிப்ரேகேட்டும் டிரூவியூவும். கட்டட அலுவலகங்களோடு கோப்பைப் பரிமாறிக்கொள்கிறவர்களும், பெரிய வாகனத் தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்கிறவர்களும் வாடிக்கையாளர் வைத்திருக்கும் மென்பொருளையே சந்தா கட்டி வாங்க வேண்டும். அவர்களுக்கு இலவச மென்பொருளால் மிச்சமாகும் பணத்தைவிட இழக்கும் நேரம் அதிகம். படிக்கிற பிள்ளைகள் ஆட்டோடெஸ்கின் கல்வி உரிமத்தில் ஆட்டோகேட் பழகலாம். அது ஓராண்டுக்கு இலவசம், படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து வெளி வேலை செய்யக் கூடாது. ஃப்ரீகேட்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து கல்வி உரிமம் காலாவதியாகும் நாளில் கையில் ஒரு கருவி இருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன், விற்பவர் காட்டும் மாதிரி வரைபடத்தை நம்பாமல், உங்களிடம் கடைசியாக வந்த ஆர்டரின் கோப்பையே சோதனைப் பதிப்பில் திறந்து பாருங்கள். அதில் ஓர் அளவை மாற்றி, டிஎக்ஸ்எஃப் எடுத்து, வழக்கமாக வேலை கொடுக்கும் லேசர் கடைக்கு அனுப்பி, ஒரே ஒரு தகட்டை மட்டும் வெட்டி வாங்கி வெர்னியரில் அளந்து பாருங்கள். கோப்பைத் திறக்கும்போது என்ன காணாமல் போனது, ஆபரேட்டர் எதைக் குறை சொன்னார், அளவு எவ்வளவு தள்ளிப்போனது என்று குறித்துக்கொண்டு, அதே கோப்பை ஃப்ரீகேட்டிலும் ஒருமுறை இப்படியே செய்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.